ஐந்தாவது மசோதா

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை சனிக்கிழமையில் கூடுவது அபூர்வம். அன்று கூடி நான்கு மசோதாக்களை வரிசையாக நிறைவேற்றியது. உக்ரைனுக்கு 6,084 கோடி டாலர்: ஆதரவு 311, எதிர்ப்பு 112. இஸ்ரேலுக்கும், காஸா உள்ளிட்ட இடங்களின் நிவாரணத்துக்குமாக 2,638 கோடி: 366-58. தைவானை மையமாக வைத்த இந்தோ-பசிபிக் உதவி 812 கோடி: 385-34. நான்காவது ஒரு கதம்பம். டிக்டாக்கைச் சீன நிறுவனம் விற்றாக வேண்டும் என்பதும், முடக்கப்பட்ட ரஷ்யச் சொத்துகளைப் பறிமுதல் செய்யலாம் என்பதும் அதில் இருந்தன: 360-58. உக்ரைன் வாக்குகள் போதுமான அளவைத் தாண்டியதும் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் கையிலிருந்த சின்னச் சின்ன நீல-மஞ்சள் கொடிகளை ஆட்டினார்கள். சபை மரபுக்கு விரோதம், கொடிகளை இறக்குங்கள் என்று தலைமை இருக்கையிலிருந்து அதட்டல் வந்தது. தொலைக்காட்சிகள் அந்தக் காட்சியைத்தான் அன்று முழுவதும் காட்டிக்கொண்டிருந்தன.

அதே நாளில் ஐந்தாவதாக ஒரு மசோதாவும் வாக்கெடுப்புக்கு வந்தது. அது எல்லைப் பாதுகாப்பு மசோதா. ஆதரவு 215, எதிர்ப்பு 199. ஆதரவு கூடுதலாக இருந்தும் அது தோற்றது, ஏனென்றால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்படுகிற வழியில் அதைக் கொண்டுவந்திருந்தார்கள். வழக்கமான வழியில் அதை அனுப்ப வேண்டிய விதிகள் குழுவில், குடியரசுக் கட்சியின் தீவிரப் பிரிவினரே இது வெறும் கண்துடைப்பு என்று சொல்லி வழிவிட மறுத்துவிட்டார்கள். ஆக, தோற்கும் என்று தெரிந்தே வாக்கெடுப்புக்கு வந்த மசோதா அது. அதற்கு முந்தைய அரை வருடம் முழுக்க அந்தக் கட்சி ஒரே பாட்டைத்தான் பாடியிருந்தது: நம் எல்லையைக் காக்காமல் உக்ரைன் எல்லைக்குக் காசு இல்லை. கடைசி நாளில் உக்ரைன் ஜெயித்தது, எல்லை வரிசையில் ஐந்தாவதாக நின்று தோற்றது.

இது எப்படி நடந்தது என்று பார்க்கப் போனால், வெளிநாட்டுக்குக் கொடுக்கும் ஆயுத உதவியும் உள்நாட்டு எல்லைக் காவலும் ஏன் ஒரே மூட்டையில் கட்டப்பட்டன என்பதில்தான் தொடங்க வேண்டும்.

*

முதல் முடிச்சைப் போட்டவர் அன்றைய அதிபர் ஜோ பைடன். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2023 அக்டோபர் 20 அன்று அவர் காங்கிரஸுக்கு அனுப்பிய துணை நிதிக் கோரிக்கை ஏறக்குறைய 10,600 கோடி டாலருக்கானது. உக்ரைனுக்கு 6,140 கோடி, இஸ்ரேலுக்கு 1,430 கோடி, மெக்சிகோ எல்லைக்கு ஏறக்குறைய 1,400 கோடி, மிச்சம் நிவாரணத்துக்கும் ஆசியாவுக்கும். ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமென்றால் டீத்தூள் பாக்கெட்டையும் சேர்த்து வாங்கு என்பார்களே, அந்தக் கணக்குத்தான். உக்ரைன் என்றால் முகத்தைச் சுளிக்கிற குடியரசுக் கட்சிக்காரர்கள் இஸ்ரேலுக்காகவும் எல்லைக்காகவும் கை தூக்குவார்கள் என்று வெள்ளை மாளிகை எண்ணியது.

அப்படி எண்ணக் காரணம் இருந்தது. போர் தொடங்கிய 2022-ல் மட்டும் காங்கிரஸ் நான்கு தவணைகளில் ஏறக்குறைய 11,300 கோடி டாலரை உக்ரைனுக்கென ஒதுக்கியிருந்தது. அந்த மே மாதம் 4,000 கோடிக்கான மசோதா பிரதிநிதிகள் சபையில் 368-57 என்று நிறைவேறியது. எதிர்த்த 57 பேரும் குடியரசுக் கட்சியினர். 2023 தொடக்கத்தில் அந்தச் சபை குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. ஆகஸ்டில் பைடன் கேட்ட 2,400 கோடி அப்படியே கிடந்தது. செப்டம்பர் கடைசியில் அரசு அலுவலகங்கள் மூடாமலிருக்க நிறைவேறிய தற்காலிகச் செலவு மசோதாவில் உக்ரைனுக்கு ஒரு காசு இல்லை. அதை ஜனநாயகக் கட்சியின் தயவில் நிறைவேற்றியதற்காகவே சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி அக்டோபர் 3 அன்று 216-210 என்ற கணக்கில் பதவி இழந்தார். அமெரிக்க வரலாற்றில் ஒரு சபாநாயகரை வாக்கெடுப்பில் இறக்கியது அதுவே முதல் முறை. மூன்று வாரம் நாற்காலி காலியாகக் கிடந்தது. பிறகு வந்தவர் லூசியானாவைச் சேர்ந்த மைக் ஜான்சன். உக்ரைன் உதவிக்கு எதிராக வாக்களித்துப் பழகியவர்.

நம் சட்டசபையிலோ நாடாளுமன்றத்திலோ துணை மானியக் கோரிக்கை வந்தால் முடிவு முன்கூட்டியே தெரியும். கொறடா உத்தரவை மீறினால் 1985-ம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டம் பதவியையே பறித்துவிடும். அமெரிக்காவில் கொறடா கெஞ்சலாம், மிரட்டலாம், பதவியைப் பறிக்க முடியாது. ஒவ்வொரு உறுப்பினரும் தனிக்கடை. அதனால் எதையும் நிறைவேற்ற இரண்டு கட்சியிலிருந்தும் ஆள் பிடிக்க வேண்டும். செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 100-ல் 60 பேர் வேண்டும். பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை போதும், ஆனால் எந்த மசோதா சபைக்கு வரும் என்பதைச் சபாநாயகர் தீர்மானிக்கிறார். 300 பேர் ஆதரவு இருந்தாலும் அவர் மேஜை இழுப்பறையிலிருந்து எடுக்காவிட்டால் பெரும்பாலும் அது காகிதம்தான். உக்ரைன் உதவிக்குப் பெரும்பான்மை 2023 அக்டோபரிலும் இருந்தது, 2024 ஏப்ரலிலும் இருந்தது. இழுப்பறைதான் இடையில் பூட்டிக் கிடந்தது.

*

பைடனின் மூட்டையைக் குடியரசுக் கட்சி வேறு மாதிரி பிரித்தது. எல்லைக்குப் பணம் தருகிறேன் என்கிறீர்கள், பணம் யாருக்கு வேண்டும், சட்டத்தை மாற்றுங்கள் என்றார்கள். கூடுதல் அதிகாரிகளை வைத்தால் வருகிறவர்களை இன்னும் வேகமாக உள்ளே அனுப்பத்தான் உதவும் என்பது அவர்கள் வாதம். கட்சிச் சண்டையின் இரைச்சலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இந்த வாதத்தில் சாரம் உண்டு. அது புரிய வேண்டுமானால் அமெரிக்கத் தஞ்சச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

1980-ம் ஆண்டின் அகதிகள் சட்டப்படி, அமெரிக்க மண்ணில் கால் வைத்த எவரும், எந்த வழியில் வந்திருந்தாலும், தஞ்சம் கேட்கலாம். 1996-ல் இதற்கு ஒரு வடிகட்டி போட்டார்கள். ஆவணமில்லாமல் எல்லையில் பிடிபடுகிறவரை நீதிமன்றம் போகாமலே திருப்பி அனுப்பலாம். ஆனால் ஊர் திரும்பப் பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் ஓர் அதிகாரி விசாரிக்க வேண்டும். தஞ்சம் கிடைக்கக் கணிசமான வாய்ப்பு இருப்பதாக அதிகாரிக்குத் தோன்றினால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். 2023 கடைசியில் குடிவரவு நீதிமன்றங்களில் தேங்கிக் கிடந்த வழக்குகள் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தன. தீர்ப்புக்குச் சில வருடங்கள் ஆகும். அதுவரை மனுதாரர் உள்ளேதான் இருப்பார், வேலைக்கும் போவார். தஞ்சத்துக்குத் தகுதி இல்லாதவருக்கும் இந்தச் சில வருடங்களே பெரிய பரிசு. ஆட்கடத்தல்காரர்கள் விற்றது இந்தத் தாமதத்தைத்தான்.

இந்த வடிகட்டியின் கதையில் ஓர் ஈழத் தமிழரும் இருக்கிறார். 2017 ஜனவரியில் ஓர் இரவு, 11 மணி வாக்கில், கலிஃபோர்னியாவில் எல்லையைத் தாண்டி 25 கெஜ தூரத்துக்குள்ளேயே பிடிபட்டார். இருபத்து மூன்று மீட்டர்கூட இல்லை. விவசாயி. ஊரில் சிலர் தன்னைக் கடத்திக்கொண்டு போய்க் கடுமையாக அடித்தார்கள் என்று அதிகாரியிடம் சொன்னார். யார் அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. இலங்கையில் இனம் தெரியாத ஆட்கள் கடத்திக்கொண்டு போவது என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குக் காரணம் தேவைப்பட்டது. சட்டம் கேட்பது அடி விழுந்ததா என்பதை அல்ல, இனம், மதம், அரசியல் கருத்து என்று அது பட்டியலிடும் காரணங்களில் ஒன்றுக்காக விழுந்ததா என்பதை. மனு தள்ளுபடி ஆனது. மேலதிகாரியும் குடிவரவு நீதிபதியும் அதையே உறுதிசெய்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. 2020 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவருக்கு எதிராகத் தீர்த்தது: இப்படி எல்லையோரத்தில் பிடிபட்டவருக்குக் காங்கிரஸ் எவ்வளவு நடைமுறை உரிமை கொடுத்திருக்கிறதோ அவ்வளவுதான் உரிமை. அந்த வடிகட்டியின் கண்ணை எவ்வளவு சிறிதாக்குவது என்பதுதான் 2023-ன் எல்லைப் பேச்சுவார்த்தையில் பாதி.

மீதிப் பாதி எண்ணிக்கை. 2023 டிசம்பரில் மட்டும் மெக்சிகோ எல்லையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் பிடிபட்டார்கள். ஒரே மாதத்தில் அவ்வளவு பேர் அதற்கு முன் பிடிபட்டதில்லை. ஒரு நாளைக்கு 8,000. இந்தியர்களும் இந்த வரிசையில் உண்டு. 2023 நிதியாண்டில் அமெரிக்காவின் எல்லா எல்லைகளிலுமாகப் பிடிபட்ட இந்தியர்கள் ஏறக்குறைய 97,000. குஜராத்தின் டிங்குச்சா கிராமத்திலிருந்து போன ஒரு குடும்பத்தின் நான்கு பேர் 2022 ஜனவரியில் கனடா எல்லைப் பனியில் உறைந்து இறந்தது நினைவிருக்கும்.

*

பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சிக்குக் கையில் ஒரு மசோதா இருந்தது. 2023 மே 11 அன்று 219-213 என்று நிறைவேற்றிய ஹெச்.ஆர். 2. சுவர் கட்டுவது, தஞ்சக் கதவை ஏறக்குறைய அடைப்பது, வேலைக்கு வைப்பவர்கள் மின்னணு முறையில் ஆவணம் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்குவது என்று எல்லாம் அதில் உண்டு. ஒரு ஜனநாயகக் கட்சி வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது, ஆகவே செனட்டில் 60 பெற வழியில்லை. உக்ரைனுக்குப் பணம் வேண்டுமானால் இதை விழுங்குங்கள் என்றார் ஜான்சன்.

செனட்டில் வேறு மாதிரி யோசித்தார்கள். டிசம்பர் 6 அன்று எல்லைச் சட்டம் இல்லாத உதவி மசோதா 49-51 என்று தோற்றது. ஆறு நாள் கழித்து உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி நேரில் வந்து போயும் ஒன்றும் அசையவில்லை. மூன்று பேர் உட்கார்ந்து பேசினார்கள்: ஓக்லஹோமாவின் குடியரசுக் கட்சிக்காரர் ஜேம்ஸ் லாங்ஃபோர்ட், கனெக்டிகட்டின் ஜனநாயகக் கட்சிக்காரர் கிறிஸ் மர்ஃபி, அரிஸோனாவின் சுயேச்சை கிர்ஸ்டன் சினிமா. லாங்ஃபோர்ட் பழமைவாதியில் பழமைவாதி. அரசியலுக்கு வருமுன் பாப்டிஸ்ட் சபையின் இளைஞர் முகாமை நடத்தியவர். கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் தாண்டி நான்கு மாதம் பேசி, 2024 பிப்ரவரி 4 ஞாயிற்றுக்கிழமை மாலை 370 பக்க மசோதாவை வெளியிட்டார்கள். மொத்தம் 11,800 கோடி டாலர், அதில் எல்லைக்கு 2,000 கோடி.

அதன் எல்லைப் பகுதி உண்மையிலேயே கடுமையானது. தஞ்சத்துக்கான முதல் விசாரணையின் அளவுகோலை உயர்த்தியது. வருடக்கணக்கில் இழுக்கிற வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்க வழி சொன்னது. தடுப்பு முகாம்களில் 50,000 படுக்கைகளுக்குப் பணம் கொடுத்தது. முக்கியமானது ஓர் அவசர அதிகாரம்: ஒரு வாரச் சராசரியில் ஒரு நாளைக்கு 4,000 பேர் பிடிபட்டால் எல்லையில் தஞ்சக் கோரிக்கைகளை நிறுத்தலாம், 5,000 ஆனால் நிறுத்தியே ஆக வேண்டும். அன்றைய நிலவரத்தில் சட்டமாகியிருந்தால் மறுநாளே கதவு மூடியிருக்கும். 2016-லும் 2020-லும் டிரம்ப்பை ஆதரித்த எல்லைக் காவலர் சங்கமே இதை வரவேற்றது. குடியுரிமைக்கு வழி, சிறுவயதில் கொண்டுவரப்பட்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு என்று ஜனநாயகக் கட்சி 20 வருடமாகக் கேட்டுவந்த எதுவும் இதில் இல்லை. 2007-லும், 2013-ல் செனட்டில் 68-32 என்று நிறைவேறிப் பிரதிநிதிகள் சபையில் தூசி படிந்த மசோதாவிலும், எல்லைக் காவலுக்கு ஈடாகக் குடியுரிமை என்பதுதான் பேரம். இந்த முறை ஈடாக வைத்தது உக்ரைனை. குடியரசுக் கட்சி இதைவிட நல்ல பேரத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. மசோதா வெளிவரும் முன்பே, ஜனவரி 27 அன்று லாஸ் வேகாஸ் கூட்டத்தில், டொனால்ட் டிரம்ப் இதற்குத் தன் ஆதரவு துளியும் கிடையாது என்றார். பழியை என்மேல் போடுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். நவம்பரில் தேர்தல். எல்லைக் குழப்பம் பைடனின் பெரிய பலவீனம். அதை அவரே தீர்த்துவைத்தார் என்ற பெயர் எதற்கு? மசோதா வந்த இரவே, இங்கே வந்தால் பிணமாகத்தான் வரும் என்கிற தொனியில் ஜான்சன் அறிவித்தார். ஒரு நாளைக்கு 5,000 பேரை உள்ளே விடுகிற மசோதா என்று ஒரு பிரசாரம் கிளம்பியது. 5,000 என்பது கதவை அடைக்கிற அளவு, திறக்கிற அளவு அல்ல. அதை விளக்க லாங்ஃபோர்ட் ஒவ்வொரு தொலைக்காட்சியாக ஏறி இறங்கினார், கேட்க ஆளில்லை. இந்த வருடம் எல்லைப் பிரச்சினையைத் தீர்க்க முயன்றால் உன்னை அழித்துவிடுவேன் என்று செல்வாக்குள்ள ஓர் ஊடகக்காரர் தன்னிடம் சொன்னதாகச் செனட்டிலேயே சொன்னார். பிப்ரவரி 7, வாக்கெடுப்பு 49-50. 60 வேண்டிய இடத்தில் 49. லாங்ஃபோர்டையும் சேர்த்து நான்கு குடியரசுக் கட்சியினர் மட்டும் ஆதரித்தார்கள். இடதுபக்கத்திலிருந்தும் எலிசபெத் வாரன், அலெக்ஸ் படில்லா, எட் மார்க்கி போன்றவர்களும், சுயேச்சையான பெர்னி சாண்டர்ஸும் எதிர்த்தார்கள். சாண்டர்ஸுக்குக் காஸாவில் குண்டு போடுகிற இஸ்ரேலிய அரசுக்குப் பணம் தருவது ஆகாது. படில்லாவுக்குத் தஞ்சத்தைச் சுருக்குவது ஆகாது. அவர்கள் வாக்கால் மசோதா சாகவில்லை, ஆனால் வலதுசாரிகள் மட்டுமே கொன்றார்கள் என்று எழுதுவது சரியாகாது.

மசோதா வெளியாகி மூன்றாம் நாளே கதை முடிந்தது.

அதற்கு முந்தைய நாள் மாலை பிரதிநிதிகள் சபையில் ஒரு காட்சி. எல்லைச் சீர்கேட்டுக்குப் பொறுப்பு என்று உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் அலஹாந்த்ரோ மயோர்காஸைப் பதவிநீக்கக் குற்றம்சாட்டும் தீர்மானம். எண்ணிக்கை கூடும் என்று குடியரசுக் கட்சி கணக்குப் போட்டிருந்தது. ஜனநாயகக் கட்சியின் அல் கிரீன் வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்தார், அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. மருத்துவமனை உடையிலேயே, காலில் செருப்புகூட இல்லாமல், சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாக்கு 215-215 என்று சமமானது. மறுபடியும் கொண்டுவர வசதியாக ஒரு குடியரசுக் கட்சிக்காரர் தன் வாக்கை மாற்ற, 214-216 என்று தோற்றது. ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேற்றினார்கள். ஏப்ரலில் செனட் அதைத் தள்ளுபடி செய்தது. எல்லைச் சட்டத்தை மாற்றும் மசோதாவை ஒதுக்கிய அதே வாரத்தில் எல்லை அமைச்சரைத் தண்டிக்க அத்தனை பாடு. இரண்டில் எது வேலை, எது நாடகம் என்று எனக்குச் சந்தேகம் இல்லை.

*

பிப்ரவரி 13 அதிகாலை, இரவெல்லாம் நடந்த கூட்டத்தின் முடிவில், செனட் எல்லையை மூட்டையிலிருந்து அவிழ்த்து எறிந்துவிட்டு 9,530 கோடி டாலர் உதவியை மட்டும் 70-29 என்று நிறைவேற்றியது. 22 குடியரசுக் கட்சியினர் ஆதரவு. ஜான்சனின் பதிலைப் படிக்கச் சிரிப்பு வரும்: இதில் எல்லைப் பாதுகாப்பே இல்லையே! ஒரு வாரம் முன்பு இருந்ததால் ஆகாது, இப்போது இல்லாததால் ஆகாது. மசோதா இழுப்பறைக்குள் போனது.

இந்த இழுபறியின் விலையை வேறு ஊர் கொடுத்தது. பிப்ரவரி 17 அன்று உக்ரைன் படை அவ்திவ்கா நகரைக் கைவிட்டுப் பின்வாங்கியது. பீரங்கிக் குண்டுகள் இல்லை. அமெரிக்க உதவி வராததுதான் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆள் பற்றாக்குறையும் இருந்தது, அரண் கட்டத் தாமதமும் இருந்தது. ஆனால் ரஷ்யா பல குண்டு போட்டால் ஒன்று போடுகிற நிலையில் எந்தப் படையும் நிற்காது. ஏப்ரல் 11 அன்று கீவ் வட்டாரத்தின் மிகப் பெரிய ட்ரிபில்ஸ்கா அனல்மின் நிலையம் அழிந்தது. வந்த ஏவுகணைகளில் சிலவற்றை வீழ்த்தினோம், பிறகு எங்களிடம் ஏவுகணை தீர்ந்துவிட்டது என்றார் ஜெலன்ஸ்கி.

பணம் உக்ரைனுக்குப் போகிறது என்ற பேச்சையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அமெரிக்கா பெரும்பாலும் அனுப்பியது தன் கிடங்கில் இருந்த ஆயுதத்தை. ஒதுக்கிய பணத்தில் கணிசமான பங்கு அந்தக் கிடங்கை மறுபடி நிரப்புவதற்கு. ஏப்ரல் மசோதாவின் 6,084 கோடியில் ஏறக்குறைய 2,300 கோடி அப்படி. புது ஆயுதம் வாங்கித் தருகிற 1,380 கோடியிலும் பெரும்பகுதி அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குத்தான். 155 மி.மீ. குண்டின் எஃகு உறை செய்கிற பழைய ராணுவ ஆலை பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனில் இருக்கிறது. பைடன் பிறந்த ஊர். பழைய ரயில் பட்டறையில் எஃகுத் துண்டுகளைச் சிவக்கக் காய்ச்சி அடித்து நீட்டுகிறார்கள். உதவியை எதிர்த்து வாக்களித்த சிலரின் தொகுதியிலும் இத்தகைய ஆலைகள் உண்டு. வெளிநாட்டு உதவி என்ற சொல்லில் வெளிநாடு என்பது பாதிதான்.

உதவியை எதிர்த்தவர்களின் எல்லா வாதமும் வெற்று வாதம் அல்ல. போரின் முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்று வெள்ளை மாளிகை தெளிவாகச் சொன்னதில்லை. ‘தேவைப்படும் வரை’ என்பது கொள்கை ஆகாது. 1975 ஏப்ரலில் தெற்கு வியட்நாமுக்காக ஜெரால்ட் ஃபோர்ட் 72.2 கோடி டாலர் ராணுவ உதவி கேட்டபோது, முடிவில்லாத போர்களில் சலித்துப்போன காங்கிரஸ் மறுத்தது. அந்த மாதக் கடைசியில் சைகோன் வீழ்ந்தது. அந்தப் பணம் சைகோனைக் காத்திருக்கும் என்று இன்று பெரும்பாலோர் வாதிடுவதில்லை. மறுபக்கம் 1941 இருக்கிறது: பிரிட்டனுக்கு ஆயுதம் தரும் கடன்-குத்தகைச் சட்டத்தை எதிர்த்துப் பேசிய செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க்கே, 1947-ல் கிரீஸுக்கும் துருக்கிக்கும் ட்ரூமன் கேட்ட 40 கோடி டாலரை நிறைவேற்றித் தந்தவர். ஆதரிப்பவர்கள் 1941-ஐக் காட்டுகிறார்கள், எதிர்ப்பவர்கள் 1975-ஐ. எது எதற்குப் பொருந்தும் என்பது போர் முடிந்த பிறகுதான் தெரியும், வாக்கோ முன்பே போட வேண்டியிருக்கிறது.

*

ஜான்சன் ஏன் மனம் மாறினார்? சபாநாயகர் ஆனதும் உளவுத்துறையின் ரகசிய விளக்கங்கள் அவர் மேஜைக்கு வந்தன. முன்பு சாதாரண உறுப்பினராக அவர் பார்த்திராதவை. தன் மகன் இலையுதிர்காலத்தில் கடற்படைப் பயிற்சிக் கல்லூரியில் சேரப் போகிறான், நம் பிள்ளைகளை அனுப்புவதைவிடத் தோட்டாவை அனுப்புவது மேல் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். ஏப்ரல் 13 இரவு ஈரான் 300-க்கும் மேற்பட்ட டிரோன்களையும் ஏவுகணைகளையும் இஸ்ரேல் மீது ஏவியது இன்னொரு தள்ளு. உக்ரைனின் பொருளாதார உதவியைத் தள்ளுபடி செய்யக்கூடிய கடன் என்று பெயர் மாற்றினார்கள். டிரம்ப்புக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது, அவர் இந்த முறை உரக்க எதிர்க்கவில்லை. எனக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் கனமாகப் படுகிறது.

மூட்டையைப் பிரித்துத் தனித்தனியாக வாக்கெடுத்ததுதான் ஜான்சனின் சாமர்த்தியம். இஸ்ரேலை எதிர்ப்பவர் உக்ரைனுக்கு வாக்களிக்கலாம், உக்ரைனை எதிர்ப்பவர் தைவானுக்கு வாக்களிக்கலாம், யாருக்கும் முழுமூட்டையை விழுங்குகிற சங்கடம் இல்லை. விதிகள் குழுவில் அவரது கட்சியின் மூவர் எதிர்க்க, ஜனநாயகக் கட்சியினர் கை கொடுத்து வழி திறந்தார்கள். அங்கே கேள்விப்படாத காரியம் அது. உக்ரைன் வாக்கெடுப்பில் 112 குடியரசுக் கட்சியினர் எதிர்த்தார்கள், 101 பேர் ஆதரித்தார்கள். கட்சியின் பெரும்பான்மை விரும்பாததைச் சபைக்குக் கொண்டுவராதே என்பது அந்தக் கட்சிச் சபாநாயகர்களின் எழுதப்படாத விதி. ஜான்சன் அதை மீறினார். 57 ஆக இருந்த எதிர்ப்பு இரண்டு வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 23 செனட்டில் 79-18. மறுநாள் பைடன் கையெழுத்திட்டார். கேட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மே 8 அன்று குடியரசுக் கட்சியின் மார்ஜரி டெய்லர் கிரீன் ஜான்சனை இறக்கத் தீர்மானம் கொண்டுவந்தபோது ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து 359-43 என்று காப்பாற்றினார்கள். மெக்கார்த்திக்குக் கிடைக்காத தயவு.

எல்லை மசோதாவை மே 23 அன்று செனட்டில் தனியாக மறுபடி கொண்டுவந்தார்கள். 43-50. எழுதிய லாங்ஃபோர்டும் சினிமாவும்கூட இந்த முறை எதிர்த்தார்கள். இது தேர்தலுக்கான கூத்து என்றார்கள், அதுவும் உண்மைதான். ஜூன் 4 அன்று பைடன், சட்டமில்லாமல் என்னால் முடியாது என்று சொல்லிவந்ததை ஆணையிலேயே செய்தார்: ஒரு வாரச் சராசரி நாளுக்கு 2,500 பேரைத் தாண்டினால் எல்லையைத் தாண்டி வந்தவர்களின் தஞ்சக் கோரிக்கைக்குத் தடை. தோற்ற மசோதாவின் அளவில் பாதி. மெக்சிகோவும் தன் பக்கத்தில் பிடியை இறுக்கியிருந்தது. டிசம்பர் 2024-ல் பிடிபட்டவர்கள் ஏறக்குறைய 47,000 ஆகக் குறைந்தார்கள். தேர்தல் அதற்குள் முடிந்துவிட்டது. ஆணையாலேயே இவ்வளவு முடியுமென்றால் முன்பே ஏன் செய்யவில்லை என்று கேட்ட வாக்காளருக்கு ஜனநாயகக் கட்சியிடம் பதில் இல்லை.

2025 வந்ததும் இரண்டு விஷயமும் தனித்தனி வழியில் போயின. உக்ரைனுக்குப் புதிதாகப் பெரிய ஒதுக்கீடு எதையும் மறுபடி அதிபரான டிரம்ப் கேட்கவில்லை. மார்ச் மாதம் ராணுவ உதவியைச் சில நாள் நிறுத்தியே வைத்தார். பிறகு ஐரோப்பிய நாடுகள் காசு கொடுத்து அமெரிக்க ஆயுதம் வாங்கி அனுப்பும் ஏற்பாடு வந்தது. எல்லைக்கோ, அந்த ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான வரவு-செலவுச் சட்டத்தில் சுவருக்கு மட்டும் 4,650 கோடி டாலர், தடுப்பு முகாம்களுக்கு 4,500 கோடி. லாங்ஃபோர்டின் 2,000 கோடி இதன் முன் சில்லறை. 60 வாக்கு தேவைப்படாத நிதிச் சமரச வழியில், செனட்டில் துணை அதிபரின் வாக்கையும் சேர்த்து 51-50 என்று நிறைவேற்றினார்கள். அந்த வழியில் ஒரு நிபந்தனை உண்டு: பணத்தைத் தொடலாம், பணத்தோடு சம்பந்தமில்லாத சட்ட விதிகளைத் திருத்த முடியாது. பணம் யாருக்கு வேண்டும், சட்டத்தை மாற்றுங்கள் என்று 2023-ல் கேட்டவர்கள், பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஈழத் தமிழ் விவசாயியை அளந்த 1996-ன் வரி சட்டப் புத்தகத்தில் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது. அதுவரை இலவசமாக இருந்த தஞ்ச மனுவுக்குத்தான் அந்த ஆண்டு 100 டாலர் கட்டணம் போட்டார்கள்.